எல் காமினோ திரும்பி வருமா? மாவெரிக்கை அதன் வாரிசு என்று சொல்லலாமா?

கேள்வி இதுதான்: செவர்லே எல் காமினோ, ஃபோர்டு ராஞ்செரோ மாதிரி, முன்பாதி காராகவும் பின்பாதி லோடு தொட்டியாகவும் இருந்த வண்டிகள் மறுபடி வர வாய்ப்பு உண்டா? ஃபோர்டு மாவெரிக், ஹூண்டாய் சாண்டா க்ரூஸ் என்ற சிறிய நான்கு கதவு பிக்கப்புகள் வந்தபோதே அவை வந்துவிட்டன என்று ஒரு தரப்பு சொல்கிறது. பழைய ரசிகர்கள் அதைக் காதில் வாங்கவே மறுக்கிறார்கள். யார் சொல்வது சரி?

என் பதில்: மாவெரிக் அந்தப் பழைய வண்டி செய்த வேலையில் முக்கால்வாசியைச் செய்கிறது. ஆனால் அது அந்த வண்டி இல்லை. பழைய ரசிகர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஆனால் அதற்கு அவர்கள் சொல்லும் காரணங்களில் பாதி தப்பு. அதனால்தான் இந்த விவாதம் வருடக்கணக்காக ஒரே இடத்தில் சுற்றுகிறது.

முதலில் அந்தத் தப்பான காரணத்தை எடுத்துக்கொள்வோம். "மாவெரிக்கில் உடலைத் தாங்கத் தனிச் சட்டம் (ஃபிரேம்) கிடையாது, உடலே எல்லாவற்றையும் தாங்கும் மோனோகாக், அதனால் அது கார், ஆகவே எல் காமினோ" என்று ஒருவர் ஆரம்பிப்பார். இன்னொருவர் "எல் காமினோ உண்மையான பிக்கப், இது எஸ்.யூ.வி.யின் முதுகை வெட்டியது" என்பார். இரண்டு பேருமே எல் காமினோவின் அடியில் குனிந்து பார்த்ததில்லை என்று தோன்றுகிறது. 1959-இல் வந்த முதல் எல் காமினோவிலிருந்து 1987-இல் முடிந்த கடைசி எல் காமினோ வரை எல்லாமே தனிச் சட்டத்தின் மேல் உட்கார்ந்த வண்டிகள்தான், ஏனென்றால் அதற்கு அடிப்படையாக இருந்த செவர்லே கார்களே அப்படித்தான் இருந்தன. அதேசமயம் 1960-இல் ஃபால்கன் காரின் அடிப்படைக்கு மாறிய ராஞ்செரோ மோனோகாக். 1972-இல் ஃபோர்டின் டொரினோ காரோடு சேர்ந்து அதுவும் தனிச் சட்டத்துக்குப் போனது. ஆக, சட்டம் இருக்கிறதா இல்லையா என்பது இந்த வண்டிகளின் அடையாளமாக ஒருநாளும் இருந்ததில்லை. எந்தக் காரிலிருந்து பிறந்ததோ அந்தக் காரின் எலும்பு அதற்கும் வந்தது, அவ்வளவுதான்.

அப்படியானால் எதுதான் அடையாளம்? என்னைக் கேட்டால் மூன்று. ஒன்று உயரம்: கதவைத் திறந்தால் ஏறத் தேவையில்லை, உட்காரலாம். இரண்டு, ஓட்டுநர் அறையும் லோடு தொட்டியும் ஒரே உடலாக, இடைவெளி இல்லாமல், ஒரே கோட்டில் போகும் பக்கவாட்டுத் தகடு. மூன்று, வண்டியின் நீளத்தில் பெரிய பங்கு சாமானுக்கு, ஒரு வரிசை இருக்கை மனிதர்களுக்கு. கடைசியாகச் சொன்னதைத்தான் விவாதத்தில் யாரும் அளந்து பேசுவதில்லை.

அளந்து பார்ப்போம். 1978 முதல் 1987 வரை வந்த எல் காமினோவின் நீளம் சுமார் 201 அங்குலம். மாவெரிக்கின் நீளம் ஏறத்தாழ 200 அங்குலம். நிறுத்தும் இடத்தில் இரண்டும் ஒரே அளவைத்தான் அடைக்கும். ஆனால் எல் காமினோவின் தொட்டி சுமார் ஆறரை அடி, மாவெரிக்கின் தொட்டி நாலரை அடி. அந்த இரண்டு அடியும் பின்சீட்டுக்கும் பின்கதவுகளுக்கும் போய்விட்டது. உயரத்தைப் பாருங்கள்: பழையது 54 அங்குலத்தை ஒட்டி, புதியது 69 அங்குலத்தை ஒட்டி. ஒன்றேகால் அடி வித்தியாசம். எட்டடி பிளைவுட் பலகையைப் பழையதில் போட்டு, தொட்டியின் கடைசித் தடுப்பான டெயில்கேட்டை இறக்கிவிட்டால் ஓரளவு நிம்மதியாகக் கொண்டுபோகலாம். மாவெரிக்கில் சக்கர மேட்டின் மேல் ஏற்றி, டெயில்கேட்டைப் பாதி நிலையில் நிறுத்தி, கயிறு கட்டிக் கொண்டுபோக வேண்டும். முடியாது என்று சொல்லவில்லை, ஃபோர்டு அதற்கென்றே அந்த டெயில்கேட்டை இரண்டு நிலைகளில் நிற்கும்படி யோசித்துச் செய்திருக்கிறது. ஆனால் வண்டியின் முன்னுரிமை யாருக்கு என்பது அதிலேயே தெரிகிறது.

இந்த வகை எங்கிருந்து வந்தது என்பதைக் கொஞ்சம் சொல்லாமல் மேலே போக முடியாது, ஏனென்றால் அமெரிக்க ரசிகர்களில் பலர் இதை 1957 ராஞ்செரோவில் தொடங்குகிறார்கள். அதற்கு 23 வருடம் முன்பே, 1934-இல், ஆஸ்திரேலியாவின் ஜீலாங் தொழிற்சாலையில் ஃபோர்டு இதைச் செய்துவிட்டது. வடிவமைத்தவர் லூயிஸ் பேண்ட் என்ற இளைஞர். விக்டோரியா மாநிலத்தின் கிப்ஸ்லேண்ட் பகுதியிலிருந்து ஒரு விவசாயியின் மனைவி கடிதம் எழுதினார், ஞாயிற்றுக்கிழமை நனையாமல் தேவாலயத்துக்குப் போகவும் திங்கட்கிழமை பன்றிகளைச் சந்தைக்கு ஏற்றிப் போகவும் ஒரே வண்டி வேண்டும் என்று கேட்டார், அதிலிருந்து பிறந்தது என்பது ஃபோர்டு காலங்காலமாகச் சொல்லி வரும் கதை. பேண்ட் செய்த முக்கியமான காரியம், கூப்பே காரின் அறையையும் தொட்டியையும் ஒரே உடலாக இணைத்தது. 1951-இல் ஜி.எம்.மின் (செவர்லேயின் தாய் நிறுவனம்) ஆஸ்திரேலியக் கிளையான ஹோல்டனும் தன் யூட்டைக் கொண்டுவந்தது; யூட் என்பது இந்த வகைக்கு அங்கே உள்ள பெயர். அதற்கப்புறம் அறுபது வருடத்துக்கு மேல் அந்த நாட்டில் இந்த வகை உடையாமல் வளர்ந்தது. அமெரிக்காவில் அது வந்து போன ஒரு வகை. ஆஸ்திரேலியாவில் அது கட்டடத் தொழிலாளியின் அன்றாட வண்டி. மறுபிறவி பற்றிப் பேசுகிறவர்கள் டெட்ராய்ட்டை மட்டும் பார்க்காமல் ஜீலாங்கையும் ஹோல்டன் தொழிற்சாலை இருந்த அடிலெய்டையும் பார்க்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

அமெரிக்கக் கதை வேகமாகச் சொல்லிவிடலாம். 1957 ராஞ்செரோ நன்றாக விற்றது, செவர்லே பதிலுக்கு 1959-இல் பெரிய துடுப்புகளோடு எல் காமினோவை இறக்கியது. முதல் வருடம் 22,000-க்கு மேல் போனது, அடுத்த வருடம் 14,000 அளவுக்கு விழுந்தது, நிறுத்திவிட்டார்கள். 1964-இல் செவல் காரின் அடிப்படையில் திரும்பி வந்ததுதான் எல்லோர் மனதிலும் இருக்கும் எல் காமினோ. 1970-இல் 454 கன அங்குல எல்.எஸ்.6 என்ஜினோடு, அன்றைய கணக்கில் 450 குதிரைத்திறனோடு, அதை வாங்க முடிந்தது. இதன் அடியில் ஒரு வேடிக்கையான விஷயம் இருக்கிறது. 1964 முதல் 1972 வரையிலான எல் காமினோவில் சீட்டுக்குப் பின்னால், தொட்டியின் தரைக்குக் கீழே, ஸ்டேஷன் வேகனில் பின்சீட்டுக்காரர்கள் கால் வைக்கும் பள்ளம் அப்படியே இருக்கும். மேலே ஒரு தகட்டைப் போட்டு மூடியிருப்பார்கள். வேகனின் கூரையை வெட்டி, தரையை உயர்த்திப் பிறந்த வண்டி என்பதற்கு அதைவிடச் சாட்சி தேவையில்லை. பழையது வாங்குகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடமும் அதுதான், தண்ணீர் இறங்கித் துருப்பிடிப்பது அங்கேதான்.

ராஞ்செரோ 1979-இல் முடிந்தது. எல் காமினோ 1987 வரை தாக்குப்பிடித்தது. கொன்றது எது? எஸ்-10, ரேஞ்சர் என்ற சிறிய பிக்கப்புகள் 1980-களின் தொடக்கத்தில் வந்து குறைந்த விலையில் அதிக வேலை செய்தன. அதைவிடப் பெரிய காரணம், நடுத்தரக் கார்கள் ஒவ்வொன்றாக முன்சக்கர இயக்கத்துக்கு மாறின. எல் காமினோவுக்குத் தாய்க் காரே இல்லாமல் போனது. டாட்ஜ் ராம்பேஜ், வோக்ஸ்வாகன் ராபிட் பிக்கப் என்று முன்சக்கர இயக்கத்திலும் சிலர் முயன்று பார்த்தார்கள், இரண்டும் 1984-ஐத் தாண்டவில்லை. இதில் பொறியியல் சிக்கலும் உண்டு. முன்சக்கர இயக்க வண்டியின் முதுகில் சாமானை ஏற்றினால் முன்பக்கம் லேசாகும், ஏற்றத்திலும் ஈரத்திலும் இழுக்கும் சக்கரத்துக்கே பிடிப்பு குறையும். பின்சக்கர இயக்கத்தில் நேர்மாறு, லோடு இருந்தால் பிடிப்பு கூடும், காலியாக ஓட்டினால்தான் மழையில் பின்பக்கம் அலையும். வாழ்நாளின் பெரும்பகுதி காலியாக ஓடும் வண்டிக்கு முன்சக்கர இயக்கம் ஒன்றும் மோசமில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

இப்போது விவாதங்களில் தவறாமல் வரும் வாதம்: "கோழி வரிதான் காரணம், அது இல்லாவிட்டால் ஹோல்டன் யூட் எப்போதோ அமெரிக்காவுக்கு வந்திருக்கும்." ஐரோப்பா அமெரிக்கக் கோழிக்கு வரி போட்டதற்குப் பதிலடியாக, 1963 இறுதியில் ஜனாதிபதி ஜான்சன் கையெழுத்திட்ட ஆணையால், இறக்குமதி லைட் டிரக்குகளுக்கு 25 சதவீதம் வரி வந்தது, அது உண்மை. அந்த வரியிலிருந்து தப்பத்தான் சுபாரு தன் பிராட் வண்டியின் தொட்டியில் பின்னோக்கிப் பார்க்கும் இரண்டு பிளாஸ்டிக் இருக்கைகளைப் பொருத்தி அதைப் பயணிகள் வண்டியாகக் காட்டியது. ஆனால் ஹோல்டன் யூட் விஷயத்தில் இந்த வாதம் நிற்காது. அமெரிக்காவும் ஆஸ்திரேலியாவும் செய்துகொண்ட தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் 2005 ஜனவரியில் அமலுக்கு வந்தபோதே ஆஸ்திரேலிய யூட்டுகளுக்கு அந்த 25 சதவீதம் நீங்கிவிட்டது. அதன் பிறகுதான் ஜி.எம். உண்மையாகவே முயன்றது. 2008 நியூயார்க் கார் கண்காட்சியில், தன் இன்னொரு பிராண்டான போன்டியாக்கின் கீழ், போன்டியாக் ஜி8 எஸ்.டி. என்ற பெயரில், 6 லிட்டர் வி8, 361 குதிரைத்திறனோடு ஹோல்டன் யூட்டைக் காட்டினார்கள், விற்கப்போகிறோம் என்றும் அறிவித்தார்கள். சில மாதத்தில் நிதி நெருக்கடி வந்தது. 2009 ஜனவரியில் அதை ரத்து செய்தார்கள், கொஞ்ச நாளில் போன்டியாக் என்ற பெயரையே மூட முடிவெடுத்தார்கள். வரியால் சாகவில்லை, பணம் இல்லாமல் செத்தது. பிறகு 2014 மாடலிலிருந்து, அந்த யூட்டின் தாய்க் காரான ஹோல்டன் கொமோடோரை செவர்லே எஸ்.எஸ். என்று அமெரிக்காவில் விற்றபோதும் யூட்டைக் கொண்டுவர வழி திறந்தே இருந்தது, கொண்டுவரவில்லை. செடானே குறைவாக விற்ற இடத்தில் இரண்டு கதவு யூட்டுக்குச் சோதனை, சான்றிதழ், விளம்பரம் என்று செலவழிக்க எந்தக் கணக்காளரும் சம்மதிக்க மாட்டார் என்பதுதான் எனக்குப் புரிந்த காரணம். எனக்கு அது இன்றும் வருத்தம்தான்.

சரி, சொந்த மண்ணிலேயே அது ஏன் செத்தது? 2016 ஜூலையில் ஃபோர்டின் கடைசி ஃபால்கன் யூட், 2017 அக்டோபரில் அடிலெய்டின் எலிசபெத் தொழிற்சாலை மூடியபோது ஹோல்டன் யூட். தொழிற்சாலை மூடியதால் செத்தது என்று சொல்வது பாதி உண்மை. 2005-இல் தாய்லாந்தோடு செய்த ஒப்பந்தத்தால் அங்கே தயாராகும் ஹைலக்ஸ், ரேஞ்சர் மாதிரியான நான்கு கதவு பிக்கப்புகள் வரியில்லாமல் வந்து இறங்கின. திங்கள் முதல் வெள்ளி வரை வேலைக்கு, சனி ஞாயிறு பிள்ளைகளோடு கடற்கரைக்கு என்று ஒரே வண்டியில் வாழ்க்கை நடந்தது. 2016-இல் ஆஸ்திரேலியாவில் மிக அதிகம் விற்ற வண்டியே ஹைலக்ஸ்தான், இரண்டு கதவு யூட் விலகிய அதே வருடம். இதைப் படிக்கும் ரசிகர்களுக்கு ஒரு வேண்டுகோள்: நிறுவனங்களைத் திட்டுவதற்கு முன் இந்த வருடங்களை ஒருமுறை பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வாங்குகிறவர்கள் நான்கு கதவைத் தேர்ந்தெடுத்தார்கள்.

யூட்டுகளின் கடைசித் தலைமுறையிலிருந்து இன்று வடிவமைக்கிறவர்கள் கற்க வேண்டியது நிறைய. ஃபோர்டும் ஹோல்டனும் ஒரே கேள்விக்கு இரண்டு வேறு விடைகள் எழுதின. 1999-இல் வந்த ஏயூ வரிசை ஃபால்கன் முதல் ஃபோர்டு, காரின் முன்பாதியை வைத்துக்கொண்டு பின்னால் தொட்டியைத் தனியாகப் பிரித்தது, அடியில் பட்டை ஸ்பிரிங். வேலைக்காரர் தொட்டி வேண்டாம், திறந்த தட்டு போதும் என்றால் அதையும் வாங்கலாம், ஒரு டன் சுமக்கும் வகையும் இருந்தது. ஹோல்டன் எதிர்த் திசையில் போனது. அறையும் தொட்டியும் ஒரே உடல், கடைசி தலைமுறையில் பின்பக்கம் ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியாக அசையும் இன்டிபென்டன்ட் சஸ்பென்ஷன், நீண்ட சக்கர இடைவெளி கொண்ட கேப்ரிஸ் காரின் 3,009 மில்லிமீட்டர் அடித்தளம். ஓட்டினால் ஸ்போர்ட்ஸ் கார். 2014-இல், ஹோல்டன் கார்களை வேக வண்டிகளாக மாற்றும் எச்.எஸ்.வி. நிறுவனம் அதிலேயே 430 கிலோவாட் சூப்பர்சார்ஜ் வி8-ஐ வைத்து ஜி.டி.எஸ். மாலூ என்று 250 மட்டும் செய்தது. ஒன்று சுமைக்கு, ஒன்று ஓட்டத்துக்கு. புது எல் காமினோ வேண்டும் என்று கேட்கிற ஒவ்வொருவரும் இந்த இரண்டில் எதைக் கேட்கிறோம் என்று முதலில் முடிவு செய்தால் பாதிச் சண்டை அடங்கிவிடும். இரண்டையும் ஒரே வண்டியில் குறைந்த விலையில் கேட்டால் யாராலும் தர முடியாது. கூரையை வெட்டிய உடலில் முறுக்கிக்கொள்ளாமல் நிற்கும் விறைப்பு போய்விடும், அதை ஈடுகட்ட சீட்டுக்குப் பின்னால் தடித்த குறுக்குச் சுவர், பெட்டி வடிவ ஓரப் பட்டைகள், கூரையிலிருந்து தொட்டிக்குச் சரிந்து இறங்கும் தாங்கு தகடு என்று உலோகம் சேர்க்க வேண்டும். காரை வெட்டினால் எடை குறையும் என்று நினைப்பது தவறு.

இனி அரசு விதி விஷயம் ஒன்று. அமெரிக்காவின் எரிபொருள் சிக்கன விதிகள் 2011 மாடல் ஆண்டு முதல் வண்டியின் தடப் பரப்பை, அதாவது முன் பின் சக்கரங்களின் இடைவெளியையும் இடது வலது சக்கரங்களின் இடைவெளியையும் பெருக்கிய அளவை வைத்து இலக்கு நிர்ணயிக்கின்றன. பரப்பு சிறிதாக இருந்தால் இலக்கு கடினம், பெரிதாக இருந்தால் சலுகை. திறந்த தொட்டி இருப்பதால் எல் காமினோ வகை இன்று லைட் டிரக் பட்டியலில்தான் வரும், ஆனால் அந்தப் பட்டியலின் சிறிய வண்டிகளில் ஒன்றாக நின்று கடினமான இலக்கைச் சந்திக்க வேண்டியிருக்கும். 2011-இல் ஃபோர்டு பழைய சின்ன ரேஞ்சரை அமெரிக்காவில் நிறுத்தி, 2019-இல் பெரிய ரேஞ்சரைக் கொண்டுவந்ததில் இந்தக் கணக்கும் ஒரு பங்கு வகித்தது என்று நினைக்கிறேன். மாவெரிக் இதைத் தாண்டிய விதம் புத்திசாலித்தனமானது: அடிப்படை வண்டியிலேயே ஹைப்ரிட் வைத்தார்கள், நகரத்தில் கேலனுக்கு 42 மைல் என்ற மதிப்பீடு. 2025 ஜூலையில் நிறைவேறிய சட்டம் இந்த விதிகளை மீறினால் விதிக்கும் அபராதத்தைப் பூஜ்யமாக்கிவிட்டது. அதனால் சிறிய வி8 யூட் நாளைக்கே வந்துவிடும் என்று உற்சாகப்படுகிறவர்களுக்கு: ஒரு வண்டியை வடிவமைக்க நான்கைந்து வருடம் பிடிக்கும், அடுத்த ஆட்சி அபராதத்தைத் திருப்பிக் கொண்டுவந்தால் என்ன செய்வது என்று யோசிக்காத நிறுவனம் கிடையாது.

மாவெரிக்கை நான் குறைத்துப் பேசவில்லை. 2021-இல் 19,995 டாலர் என்று அறிவித்தபோது முதல் மாடல் ஆண்டின் ஹைப்ரிட் முன்பதிவு சில மாதத்திலேயே நிரம்பி, ஆர்டர் வாங்குவதையே நிறுத்த வேண்டி வந்தது. 2024-இல் அமெரிக்காவில் 1,30,000-க்கு மேல் விற்றது. தாழ்வான, சிக்கனமான, காரைப் போல ஓட்டக்கூடிய பிக்கப்புக்கு மக்கள் ஏங்கிக்கொண்டிருந்தார்கள் என்பதை அது நிரூபித்துவிட்டது. அதற்கப்புறம் விலை ஏறியது வேறு கதை. சாண்டா க்ரூஸ் அதைவிட அழகு, ஹூண்டாயின் டூசான் எஸ்.யூ.வி.யின் சாயல், ஆனால் தொட்டி இன்னும் சின்னது, விற்பனையும் மாவெரிக்கின் பக்கத்தில் வரவில்லை. ஓட்டம் வேண்டுமா சுமை வேண்டுமா என்ற அந்தக் கேள்வியில் அது நடுவில் நின்றுவிட்டது.

இரண்டு கதவு வகை இன்றும் உயிரோடு, லாபத்தோடு இருக்கும் இடம் பிரேசில். ஃபியட் ஸ்ட்ராடா 1998-இல் வந்த சின்னக் கார் வகை பிக்கப். 2021 முதல் 2024 வரை தொடர்ந்து அந்த நாட்டிலேயே அதிகம் விற்ற வண்டி அதுதான். பிக்கப்புகளில் அதிகம் விற்றது என்று சொல்லவில்லை, எல்லா வண்டிகளிலும். முன்சக்கர இயக்கம், பின்னால் பட்டை ஸ்பிரிங், ஒற்றை வரிசை அறையில் 700 கிலோவை ஒட்டிச் சுமக்கும். நான்கு கதவு வேண்டும் என்றால் அதுவும் உண்டு, தொட்டி சுருங்கும். தேர்வு வாங்குகிறவருடையது. தென்னாப்பிரிக்காவில் நிஸான் என்.பி.200 இதே வேலையை 800 கிலோ வரை செய்தது, 2024 மார்ச்சில் உற்பத்தி நின்றது, அங்குள்ள சிறு வியாபாரிகளுக்கு அது பெரிய இழப்பு. அமெரிக்க விவாதங்களில் ஸ்ட்ராடாவைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை என்பது எனக்கு ஆச்சரியம். கார் அடிப்படையிலான பிக்கப் வெறும் ஏக்கமாக இல்லாமல் தினசரிக் கருவியாக எப்படிப் பிழைக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல பாடம் கிடையாது.

ஆகவே மறுபிறவி வருமா என்ற கேள்விக்கு: பின்சக்கர இயக்கம், வி8, இரண்டு கதவு, நீண்ட மூக்கு என்ற வடிவில் பெரிய நிறுவனம் எதுவும் செய்யாது. செய்ய அடிப்படை வேண்டும், ஜி.எம்.மிடம் இருந்த பின்சக்கர இயக்கக் கார் கமாரோவும் 2024 மாடலோடு முடிந்துவிட்டது. வரக்கூடியது இதுதான்: மாவெரிக் அளவு அடித்தளத்தில், பின்கதவுகளை எடுத்துவிட்டு, சீட்டுக்குப் பின்னால் பை வைக்கும் அளவு இடம் மட்டும் விட்டு, ஆறு அடித் தொட்டி, கூரையை நாலைந்து அங்குலம் இறக்கி. என்ஜின் இப்போதிருக்கும் ஹைப்ரிட்டே போதும். ஃபோர்டிடம் எல்லா உதிரியும் இருக்கிறது. நான் ரசிகர்களிடம் கேட்பது, "எல் காமினோவைத் திருப்பிக் கொடு" என்று எழுதுவதற்குப் பதிலாக "மாவெரிக்கில் இரண்டு கதவு, ஆறு அடி கொடு" என்று எழுதுங்கள் என்பதுதான். முதலாவதைப் படிக்கிறவர் பழைய நினைவு என்று ஒதுக்குவார், இரண்டாவதை ஒரு பொறியாளர் வரைந்து பார்க்க முடியும்.

அதுவரை காத்திருக்க முடியாது, இப்போதே வேண்டும் என்றால் அமெரிக்காவில் இருப்பவருக்கு மூன்று வழி. 1968-72 எல் காமினோ விலை அதிகம், ஆனால் முன்பாதி முழுக்க செவலோடு பொது என்பதால் உதிரிக்குப் பஞ்சமில்லை. தொட்டியைச் சுற்றியுள்ள தகடுகள்தான் சிரமம், அதனால் பின்பாதி நன்றாக இருக்கும் வண்டியாகப் பார்த்து வாங்குங்கள், முன்பாதி எப்படி இருந்தாலும் சரிசெய்துவிடலாம். 1978-87 வண்டிகள் மலிவு, வேகம் குறைவு, தினமும் ஓட்டவும் பழுது பார்க்கவும் எளிது, முதல்முறை வாங்குகிறவருக்கு நான் சொல்வது இதைத்தான். மூன்றாவது ஹோல்டனின் வி.யூ. வரிசை யூட்: 25 வருடம் கடந்த வண்டிகளை அமெரிக்கப் பாதுகாப்பு விதிகளிலிருந்து விலக்கும் சட்டப்படி, 2001-இல் தயாரானவை 2026 முதல் ஒவ்வொரு மாதமாகத் தகுதி பெறுகின்றன. வலதுபக்க ஸ்டியரிங்கோடு வாழப் பழக வேண்டும். வாங்கும் முன் தயாரிப்பு மாதம் பொறித்த தகட்டைப் புகைப்படமாகக் கேட்டு வாங்கிப் பாருங்கள், 25 வருடத்துக்கு ஒரு மாதம் குறைந்தாலும் துறைமுகத்தில் நிறுத்திவிடுவார்கள்.